குதிரைக்கும் ஒரு ‘ங்க’ உண்டு

என் மகனுக்கு, சேந்தமங்கலத்திலிருந்து அம்மா சலாம் சொல்லி எழுத வைப்பது. இங்கே எல்லாரும் சுகம். உன் அத்தாவுக்கு முழங்கால் வலி, அதை நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது வலி, வேறு குறை ஒன்றும் இல்லை. எனக்கு எழுதப் படிக்க வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல ஒரு பிள்ளை எழுதுகிறது. நான் பேசுகிறபடியே எழுது கண்ணு என்றேன். “அப்படியே எழுதினா படிக்கிறவங்க சிரிப்பாங்க, நான் நல்ல தமிழா மாத்தி எழுதறேன்” என்றது. அதனால் இந்தக் கடுதாசியில் அழகாக இருப்பதெல்லாம் அந்தப் பிள்ளையுடையது, காரமாக இருப்பதெல்லாம் என்னுடையது. அது யார் என்று கடைசியில் சொல்கிறேன், அதுவரைக்கும் பொறுமையாகப் படி. உனக்குப் பொறுமை கிடையாது என்பதும் எனக்குத் தெரியும்.

நீ போட்ட கடுதாசி வந்தது. இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டேன். வீட்டுக்குச் சாப்பிட வந்த கூட்டாளிகள் முன்னால், சோறு குழைந்துவிட்டதற்காக உன் பெண்டாட்டியை “அறிவு கெட்ட கழுதை” என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாயாம். அதற்குப் போய் அவள் மறுநாள் காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வாழப்பாடிக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாளாம். போனவள் தானாக வரட்டும், நான் கூப்பிடப் போவதில்லை என்கிறாய். அதோடு விட்டாயா? “பெண்ணையும் குதிரையையும் ஆரம்பத்திலேயே கடிவாளம் போட்டு இழுத்துப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தலைக்கு மேல் ஏறிவிடும்” என்று வேறு எழுதியிருக்கிறாய். படித்த பிள்ளை அந்த இடம் வந்ததும் கொஞ்சம் நிறுத்திவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடி படித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் அத்தா எழுந்து, வெற்றிலை வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனார். வெற்றிலை மடியிலேயே இருந்தது.

பெண்ணைப் பற்றிப் பிறகு பேசலாம் ராசா. முதலில் குதிரை. குதிரையைப் பற்றி உனக்கு என்னடா தெரியும்? மூன்று வயதில் நம் குதிரை மகராணியின் முதுகில் உட்கார வைத்ததும் அலறி அதன் முதுகை நனைத்தவன் நீ. அவள் ஒரு அடி எடுத்து வைக்காமல் நின்றாள், நீ விழுந்துவிடக் கூடாதென்று. அப்படி நிற்கிற குதிரையாக அவள் எப்படி ஆனாள் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. உன் அத்தா ஊருக்குச் சொல்கிற கதை ஒன்று இருக்கிறது, தான் ஒரே பார்வையில் காட்டுக் குதிரையை வசியம் பண்ணினதாக. அதை நம்பிக்கொண்டுதான் நீ இப்படியெல்லாம் எழுதுகிறாய். நடந்ததை நான் சொல்கிறேன். நீ அப்போது என் வயிற்றில் இருந்தாய், உனக்குச் சாட்சி சொல்ல முடியாது.

ராவுத்தர் என்றால் குதிரை வீரர் என்று அர்த்தமாம். யார் வீரராக இருந்தாரோ அல்லாவுக்கே வெளிச்சம். எனக்குத் தெரிந்து உன் அத்தா குடும்பத்தில் எல்லாருக்கும் புளி வியாபாரம், வண்டியில் பூட்டியிருந்தது ஒரு கிழட்டு மாடு. சந்தையில் யாரோ ஒரு குறும்புக்காரர், “ஏனுங்க ராவுத்தரே, உங்க குதிரைக்குக் கொம்பு மொளச்சிருக்குதுங்களே, எந்த ஊர்ச் சாதிங்க?” என்று கேட்டுவிட்டார். சந்தையே சிரித்தது. மனுசனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் காலத்தில் கொல்லிமலை அடிவாரத்து முள்ளுக்காட்டில் மட்டக்குதிரைகள் கொஞ்சம் திரிந்தன. தோட்டம் வைத்திருந்த ஒரு துரை ஊருக்குப் போகும்போது அவிழ்த்துவிட்டுப் போனவை, காட்டிலேயே குட்டி போட்டுப் பெருகிவிட்டன. மனித வாடை பட்டாலே புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடும். கோடையில் தண்ணீருக்கு வந்த ஒன்றை அடிவாரத்து ஆட்கள் மடக்கிப் பிடித்தார்கள். உன் அத்தா போய்ப் பார்த்தார், வாங்கிவிட்டார். ஆளுக்கொரு பக்கமாகக் கயிற்றைப் பிடித்து அந்தப் பழுப்பு நிறக் குதிரையை நம் வீட்டுக் கொல்லையில் கொண்டுவந்து தள்ளினார்கள். கழுத்தெல்லாம் கயிறு அறுத்த காயம். “மகராணின்னு பேரு வெச்சிருக்கறேன்” என்றார். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து “ஏ, இந்தா” என்பதுதான் பேர்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நானும் உன் பெண்டாட்டி மாதிரி கிழக்கத்திப் பெண்தான், ஆத்தூர்ப் பக்கம். கல்யாணமாகி வந்த புதிதில் இந்த ஊர்ப் பேச்சு எனக்கு ஒரே சிரிப்பாக இருக்கும். ஆமாங்க, இல்லீங்க, சரீங்க, போதுமுங்க என்று எதற்கெடுத்தாலும் ஒரு ‘ங்க’. உன் அத்தா புளி வாங்க வருகிறவருக்கு ‘ங்க’ போடுவார், மூட்டை தூக்குகிறவருக்குப் போடுவார், தொட்டிலில் கிடக்கிற குழந்தைக்குக்கூடப் போடுவார். ஊரில் ‘ங்க’ கிடைக்காத ஒரே ஜீவன் நான்.

சேலத்திலிருந்து ஒரு ஜட்காக்காரரைக் குதிரை பழக்க வரவழைத்தார். முதலில் அவர் மீசை வந்தது, பின்னால் அவர் வந்தார். “காட்டுக் கழுத இது. பட்டினி போட்டு நாலு இழுப்பு இழுத்தா தன்னால வழிக்கு வரும்” என்று சாட்டையைச் சொடுக்கிக்கொண்டு உள்ளே போனார். மகராணி காதைப் பின்னால் மடித்தாள், அவ்வளவுதான் நான் பார்த்தது. ஜட்காக்காரர் வெளியே வரும்போது இரண்டு கையாலும் வேட்டியைப் பின்பக்கம் பொத்திக்கொண்டு வந்தார். கடித்த இடத்தை யாருக்கும் காட்ட முடியாது, யாரிடமும் சொல்லவும் முடியாது. மறுநாள் உன் அத்தாவே சாட்டையோடு போனார். அவள் உதைக்கவில்லை, திரும்பி நின்று பின்பக்கத்தைக் காட்டினாள். அன்றைக்கு அவர் கொல்லைச் சுவரைத் தாண்டிக் குதித்த வேகத்தைப் பார்த்துத்தான், இவர் உடம்பில் ஏதோ குதிரை சம்பந்தம் இருக்கிறது என்று நம்பினேன். “ரம்ஜான் பொறை தெரியறதுக்குள்ள வழிக்கு வல்லீன்னா அந்த ஜட்காக்காரர்கிட்டயே குடுத்தர்றேன். காலக் கட்டிப் படுக்கப் போட்டு மடக்கட்டும்” என்று சொல்லிவிட்டார். அப்படி மடக்கிய குதிரைகளைச் சேலத்தில் நீயே பார்த்திருப்பாய். முதுகெல்லாம் தழும்போடு, கண்ணில் ஒன்றுமே இல்லாமல் நிற்கும்.

அந்த வாரம்தான் மகராணியைப் பார்க்க நாமக்கல்லிலிருந்து வியாபாரிகள் வந்தார்கள். வயிற்றில் உன்னைச் சுமந்துகொண்டு காப்பி கலந்து அனுப்பினேன். சீனிக்குப் பதில் உப்பு விழுந்துவிட்டது. மசக்கைக்காரிக்கு அடுப்படியில் உப்பு எது சீனி எது? உன் அத்தா எல்லார் முன்னாலும், திரைக்கு இந்தப் பக்கம் நிற்கிற என் காதில் விழும்படி, “கழுத! ஒரு வேல உருப்படியா வராது” என்றார். வந்தவர்கள் சிரித்தார்கள். உப்புக் காப்பியையும் குடித்துவிட்டுச் சிரித்தார்கள். கொல்லையில் நிற்கிற கடிக்கிற மிருகம் மகராணி, அடுப்படியில் நிற்கிற நான் கழுதை. அழுதேன், ஏன் பொய் சொல்ல வேண்டும். ஆனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக அப்போது ஆத்தூருக்கு பஸ் கிடையாது. அதனால் போகக்கூடிய தூரத்துக்குப் போனேன். கொல்லைக்கு.

கொடுக்காப்புளி மரத்தடியில் பாயைப் போட்டேன். புளி மூட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டு கொட்டை எடுக்க உட்கார்ந்தேன். உன் அத்தாவோடு பேச்சு இல்லை. சோறு வைப்பேன், தண்ணி வைப்பேன், வாயைத் திறக்க மாட்டேன். கொல்லையின் அந்த மூலையில் மகராணி, இந்த மூலையில் நான். அவளுக்கும் கோபம், எனக்கும் கோபம். அவளை நான் பார்க்கவில்லை. பழக்க வேண்டும் என்ற யோசனையே எனக்கு இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு என் வேலையைப் பார்த்தேன். ஆனால் யாரிடமாவது பேசாமல் இருந்தால் எனக்கு மூச்சு முட்டும், உனக்குத் தெரியாததா? அதனால் அவளிடம் பேசினேன். உள்ளே இருக்கிற மனுசருக்குக் கேட்கட்டும் என்று உரக்கவே பேசினேன். “மகராணிங்களா, கொள்ளு சாப்புடறீங்களா? சாப்புடுங்க. நீங்க கடிச்சாலும் மகராணி, ஒதச்சாலும் மகராணி. நாமதானுங்க கழுத!” என்று இந்த ஊர் ‘ங்க’வை அவர் பேசுகிற மாதிரியே இழுத்து இழுத்து, வாய் நிறையக் குத்தலாகப் பேசினேன்.

கண்ணு, குதிரைக்குக் குத்தல் தெரியாது. அவள் அதை மரியாதை என்றே எடுத்துக்கொண்டாள்.

முதலில் ஒரு காது என் பக்கம் திரும்பியது. பிறகு கொள்ளுத் தட்டை எங்கே வைத்தாலும், நான் எழுந்து நகர்ந்த பிறகு வந்து தின்றாள். நான் தட்டை நாளுக்கு நாள் பாய்ப்பக்கம் கொஞ்சம் நகர்த்தினேன். என் பேச்சு போதும் என்று அவள் நினைப்பதற்கு முன்னால் நானே எழுந்து உள்ளே போய்விடுவேன், அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. இவள் எங்கே போகிறாள் என்று பார்க்கப் பின்னாலேயே வந்தாள். ஒருநாள் புளியைத் தட்டிக்கொண்டிருக்கும்போது கழுத்தில் சுடச்சுட மூச்சு பட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. அசையாமல், “வாங்க” என்றேன். அந்தத் தடவை குத்தலாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் தலையைத் தாழ்த்தி, வாயை மென்றுகொண்டு, என் தோளுக்குப் பக்கத்தில் நின்றாள். கயிறு அறுத்த காயத்தில் தேங்காயெண்ணெயும் மஞ்சளும் தடவினேன். முகத்துக்கு நேரே கையை நீட்டினால் பயப்படுவாள், தோளிலிருந்து தொட்டால் நிற்பாள். என் வெள்ளைத் துப்பட்டி காற்றில் படபடத்தால் மிரண்டு ஓடுவாள். அதனால் துப்பட்டியைக் கொடியிலேயே விட்டுவிட்டேன், அது ஆடி ஆடி அவளுக்குச் சலித்துப்போகும் வரைக்கும். பிறகு அதே துப்பட்டியை அவள் முதுகில் போட்டேன். பிறகு வெறும் சாக்கு, பிறகு கொஞ்சம் புளி போட்ட சாக்கு. கடிவாளத்தைக்கூடப் போட்டேன், நீ எழுதினாயே அதே கடிவாளம்தான். வெல்லப்பாகைத் தடவி உள்ளங்கையில் வைத்து நீட்டினேன், அவளே வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். இழுத்துப் பிடிப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது?

பிறை தெரிய வேண்டிய சமயம் நெருங்கிவிட்டது. உன் அத்தா சன்னல் வழியாக இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அவர் தலை கதவில் தெரிந்தால் போதும், மகராணி மூலைக்குப் போய்விடுவாள். கொடுத்துவிடுவதாக ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. ஜட்காக்காரரும் வருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டார். எனக்குப் பகீரென்றது, ஆனால் வாயைத் திறந்து கேட்க வைராக்கியம் விடவில்லை. ஒருநாள் மத்தியானம் அவர் கொல்லைக் கதவில் வந்து நின்றார். “ஏ, இந்தா” என்றார். நான் திரும்பவில்லை. மகராணியும் திரும்பவில்லை. கனைத்தார். நிலைப்படியைச் சுரண்டினார். அட கெரகமே, அந்த ஒரு வார்த்தைக்கு அந்த மனுசன் பட்ட பாடு! கடைசியில், “ஏனுங்க... வாங்க. வந்து ஒரு வாய் சாப்புடுங்க. அன்னிக்கு நாஞ்சொன்னது தப்புத்தானுங்க” என்றார். எனக்குச் சொன்னார். எனக்குக் கேட்டது. இன்னொரு தரம் கேட்க வேண்டும் போல ஆசையாக இருந்ததால் நான் திரும்பாமல் இருந்தேன். அந்த நேரத்தில் மகராணி நடந்தாள். நேராகக் கதவுக்குப் போய், அவர் தோளில் மூக்கை வைத்து நின்றாள். வாங்க என்றால் அவளைக் கூப்பிடுவதென்று அவளுக்கு நினைப்பு. உன் அத்தா அழுதுவிட்டார். நான் சிரித்துவிட்டேன். சிரித்தபடியால் என் கோபம் வீணாய்ப் போயிற்று, இன்னும் ஒரு வாரம் வைத்திருந்திருக்கலாம்.

ஜட்காக்காரர் வெறுங்கையோடு திரும்பினார். அதற்குப் பிறகுதான் உன் அத்தாவுக்குச் சிக்கல் தெரிந்தது. மகராணி வண்டிக்குப் பழகினாள், பாரம் இழுத்தாள், எல்லாம் சரி. ஆனால் ‘வாங்க’, ‘போங்க’, ‘நில்லுங்க’ தவிர வேறு பேச்சு அவளுக்குத் தெரியாது. “போ” என்றால் யாரையோ சொல்கிறார்கள் என்று நிற்பாள். உன் அத்தா சந்தைக்குப் போனால் யாருக்கும் கேட்காமல் அவள் காதருகே குனிந்து ரகசியமாகப் “போங்க” என்பார். ஊரில் அதை மந்திரம் என்று நினைத்துக்கொண்டார்கள். வசியக் கதை அங்கேதான் பிறந்தது. என்னை வீட்டுக்குள்ளே ‘ங்க’ போட்டுக் கூப்பிட்டார், நாலு பேர் இருந்தால் மறுபடி “ஏ, இந்தா”தான். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் பெரிய மாமா, என் அண்ணன், ஆத்தூரிலிருந்து வந்தார். நாமக்கல்லில் ஒரு கல்யாணம், பட்டுச் சட்டை, அத்தர் வாசனை எல்லாவற்றோடும் நம் வண்டியில் ஏறி, “நான் ஓட்டறேன் மச்சான்” என்று கயிற்றை வாங்கிக்கொண்டார். “ஏய், போ” என்றார். ஒன்றும் நடக்கவில்லை. “போடி” என்றார். மகராணி திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தாள். “போடி கழுத!” என்றதும், வண்டியோடு பின்பக்கமாகவே நடந்து, அண்ணனைப் பட்டுச் சட்டையோடு நம் புளிக் குவியலில் கொண்டுபோய்க் கொட்டினாள். தெருவே கூடிவிட்டது. உன் அத்தா வேறு வழியில்லாமல் இறங்கி, எல்லார் முன்னாலும், வாய்விட்டு, “போங்க தாயி, நல்லவங்கல்ல, போங்க” என்றார். மகராணி நடந்தாள். தெரு ஓவென்று சிரித்தது. அண்ணன் சட்டையிலிருந்து புளியைப் பிய்த்துக்கொண்டே கத்தினார்: “குதிரைக்கு ‘ங்க’வா? என் தங்கச்சிய ‘ஏ இந்தா’ன்னு கூப்பிடற ஆளு, குதிரைக்கு ‘ங்க’ போடறியா?”

சிரிப்பு நின்றுவிட்டது. நான் வாசல் திரைக்குப் பின்னால் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். உன் அத்தா முகம் காய்ந்த மிளகாய் மாதிரி சிவந்துபோயிற்று. அவர் வண்டியில் ஏறாமல் திரும்பி வந்தார். திரைக்கு முன்னால் நின்று, தெரு முழுக்கக் கேட்க, “ஏனுங்க, கதவச் சாத்திக்குங்க. நாங்க போயிட்டு வாரோமுங்க” என்றார். கழுதை என்றது நாலு பேர் முன்னால். ‘ங்க’வும் நாலு பேர் முன்னால் வந்தது. அன்றைக்குத்தான் என் மனசு ஆறியது, கொல்லைக் கதவில் சொன்னபோது அல்ல. இதை நீ நன்றாகக் கவனித்துப் படி. எழுதுகிற பிள்ளை இந்த இடத்தைக் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது, நான் சொல்லாமலே.

மகராணி போன வருசம் போனாள், நீ யுத்தக் கெடுபிடியில் லீவு கிடைக்கவில்லை என்று வரவில்லை. கொடுக்காப்புளி மரத்தடியில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. உன் அத்தா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். கடைசியில் “போயிட்டு வாங்க” என்றார். அவர் சொன்னதை அவள் அதுவரைக்கும் தட்டினதில்லை, அதையும் தட்டவில்லை. அதற்குமேல் சொல்ல எனக்கு முடியவில்லை.

இனி பெண்ணுக்கு வருகிறேன். வாழப்பாடிக்குப் போக வேண்டாம். போனால் அங்கே உன் மாமியார் உன்னைத்தான், என் மகள் எங்கே என்று கேட்பாள். உன் பெண்டாட்டி ஏறியது வாழப்பாடி பஸ் இல்லை. யுத்தத்தில் பெட்ரோல் இல்லாமல் கரி போட்டு ஓட்டுகிறார்களே, அந்தக் கரி பஸ்ஸில் உட்கார்ந்து, முகமெல்லாம் கரியோடு, பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நம் வாசலில் வந்து இறங்கினாள். “ஏன் கண்ணு, அம்மா ஊட்டுக்குப் போகலியா?” என்று கேட்டேன். “அங்க போனா அழுவாங்க மாமி. இங்க வந்தா நீங்க அவரக் கேப்பீங்க” என்றாள். இந்தக் கடுதாசி எழுதுகிற பிள்ளை அவள்தான். நீ எழுதிய கடிவாளத்தை எனக்குப் படித்துக் காட்டியதும் அவள்தான், இரண்டு தரம். கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை என்றால், கல்யாணமாகி இத்தனை மாதத்தில் உன் பெண்டாட்டிக்கு எழுதத் தெரியும் என்பதே உனக்குத் தெரியாது என்று அர்த்தம். அறிவு கெட்டது யார் என்று நீயே யோசித்துக்கொள்.

வா. அந்தக் கூட்டாளிகளையும் கூட்டிக்கொண்டு வா, பிரியாணி போடுகிறேன். கொல்லைக் கதவு திறந்திருக்கும், ஆனால் உள்ளே நுழையாதே. நிலைப்படியில் நின்று, அவர்கள் காதில் விழும்படி கூப்பிடு. நாங்கள் இரண்டு பேரும் புளி தட்டிக்கொண்டிருப்போம். முதல் தடவைக்கு யாரும் திரும்ப மாட்டோம், அதற்காகக் கோபித்துக்கொண்டு போய்விடாதே. திரும்பத் திரும்பக் கூப்பிடு. உன் அத்தா பக்கத்தில்தான் இருப்பார், வார்த்தை தொண்டையில் சிக்கினால் எடுத்துக் கொடுப்பார்.

நான் சொல்ல வேண்டியது முடிந்தது. அடியில் கொஞ்சம் இடம் இருக்கிறது, தான் ஒன்று எழுத வேண்டும் என்று இந்தப் பிள்ளை கேட்கிறது. என்ன எழுதுகிறாய் என்றால் சொல்ல மாட்டேன் என்கிறது. எனக்குத்தான் படிக்கத் தெரியாதே, விட்டுவிட்டேன்.

மகராணிங்களா, வாங்க. வரும்போது வெல்லம் வாங்கிட்டு வாங்க, மாமிக்கும் சேத்து.
இப்படிக்கு,
கழுதைங்க.